தட்டில் குறைந்துபோன சாமை

எண்பதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூரில் மலை விவசாயிகளுக்காக ஒரு கண்காட்சி போட்டிருந்தார்கள். போளூரில் நான் வேலை பார்த்த இரும்புக் கடை சார்பில் மண்வெட்டி, கொடுவாள்களை அடுக்கிக்கொண்டு ஒரு ஸ்டாலில் இருந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. தலையாட்டுவதோடு சரி.

பக்கத்து ஸ்டால் ஒரு விதைக் கம்பெனியுடையது. மேஜைமேல் பெரிய தட்டில் விதைச் சாமையைக் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். பூச்சி அரிக்காமலிருக்க விஷ மருந்து கலந்தது என்று அந்த விற்பனையாளர் காலையில் என்னிடம் சொன்னார். ஆனால் ஓர் அட்டையில்கூட அதை எழுதி வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டீ குடிக்கப் போனவர் அங்கேயே பேச்சில் உட்கார்ந்துவிட்டார். என் ஸ்டாலில் கூட்டம் சேர்ந்ததால் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தானியத்தைக் கண்டால் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பது மலையில் வழக்கம். மனைவியோடு வந்த ஒரு பெரியவரும் அதைத்தான் செய்தார். தற்செயலாகத் திரும்பிய நான் அதைப் பார்த்துவிட்டேன். குரல் எழும்பவில்லை. மண்வெட்டிகளைத் தாண்டி ஓடி அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"இன்னாப்பா, மலைக்காரன் தொடக்கூடாதா?" என்று அவர் முறைத்தார்.

"விஷங்க. துப்பிடுங்க."

அவர் துப்பினார். தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்க வைத்தேன். அவர் மனைவி மெல்லத் தன் முந்தானை முடிச்சைக் காட்டினார். "நானும் ஒரு பிடி முடிஞ்சிகினேனே. கஞ்சி வெச்சிப் பாக்கலாம்னு."

அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். கோபுரத்தைக் காணோம். தட்டின் அடி தெரிந்தது. எத்தனை வீட்டு அடுப்புக்கு அது போய்க்கொண்டிருக்கிறதோ?

சத்தம் கேட்டு விற்பனையாளர் ஓடி வந்தார். "வெதைய யாராவது துன்வாங்களா?" என்றார்.

"வெதைன்னு சொல்ல இங்க யார்யா இருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் நேரே மைக் இருந்த இடத்துக்குப் போனார். "சாமை எடுத்துக்கினு போனவங்க எல்லாம் திரும்பி வாங்க. அது விஷம். கஞ்சி வெக்காதீங்க. புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க."

துண்டிலும் முந்தானையிலும் முடிந்திருந்ததை ஒவ்வொருவராக வந்து அவிழ்த்துக் கொட்டினார்கள். அதற்குள் ஒரு பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. கண்காட்சி நடத்தியவர்கள் ஒரு ஜீப்பை அனுப்பி அதையும் வழியில் மறித்துச் சொன்னார்கள். தட்டு மறுபடி நிறைந்தது. ஆனால் காலையில் இருந்த உயரம் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் வரை அந்தப் பெரியவரே தட்டுக்குக் காவல் நின்று, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பின் பல நாள், போளூரில் மலை பஸ் வந்து நின்றால், இறங்குகிறவர்களிடம் நானே வலியப் போய், "உங்க பக்கம் யாருக்காவது உடம்பு முடியலீங்களா?" என்று கேட்டேன். கெட்ட செய்தி எதுவும் வரவில்லை.

இன்றும் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் நான் ஸ்டாலில் நாற்காலி போட்டு உட்காருவதில்லை. வருகிறவர் கை நீட்டுவதற்குள், மேஜையில் இருப்பது இன்னதென்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.