அக்கா பெயரில் மாத்திரை

கீழக்குயில்குடி அருண்பாண்டி மறுபடியும் மினிபஸ்ஸில் நடத்துநராக ஏறினான். தெருவில் ஆள் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டவன், பட்டப்பகலில் தனியாகச் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டான். பேயாண்டி டீக்கடையில் நாலு பேர் நடுவே, மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மிச்ச டீயையும் நிதானமாகக் குடித்தான். அவன் அக்கா முனீஸ்வரியைக் கேட்டால் இதில் ஒன்றையும் விடாமல், கிழமையோடு சொல்லுவாள்.

அதற்கு முந்தைய மூன்று வருடமும் அவள் ஏங்கிக் கிடந்தது ஒரே ஒரு சொல்லுக்காக. முன்பெல்லாம் காலையில் வாசலில் செருப்பை மாட்டியபடி "வாரேன்க்கா" என்பான். கொரோனாவில் வண்டி நின்றது. வண்டி திரும்ப ஓடியபோது அவன் எழவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். தெருவில் எந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டாலும் முனீஸ்வரி கைவேலையை நிறுத்திவிட்டு உள்ளறையை எட்டிப் பார்ப்பாள். அவன் முதுகுதான் தெரியும்.

அரசாங்கத்தின் மனநலத் திட்டத்தில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மருத்துவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே வருகிறார், மாத்திரை இலவசம் என்று கேள்விப்பட்டுப் போனாள். தம்பியைக் கூட்டிப்போகவில்லை. கல்யாணம் ஆகாதவன், அவன் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறினால் யார் பெண் கொடுப்பார்கள்? தூக்கம் இல்லை, பசி இல்லை, மனுசரைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவனுக்கு உள்ளதையெல்லாம் தனக்கு என்று சொல்லி, தன் பெயரில் மாத்திரை வாங்கி வந்து அவனுக்குக் கொடுத்தாள். இரண்டு வருடம் இப்படிப் போனது. அவன் எழுந்து உட்கார்ந்தான். அதற்கு மேல் நகரவில்லை.

புதிதாக வந்த ஆலோசகர் ரோகிணி ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிக்கத் தோன்றுகிறதா என்றதற்கு முனீஸ்வரி இல்லை என்றாள். ரோகிணி பேனாவை மூடினாள்.

"தலைக்குக் குளிச்சு, ஈரம் காயாம பூவும் வச்சிட்டு வந்து இதச் சொல்றீகளே. மாத்திரை யாருக்குக்கா?"

முனீஸ்வரி அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். ஆளையே பார்க்காமல் கொடுத்த மருந்து எப்படிச் சரியாகும் என்று ரோகிணி கடிந்துகொண்டாள். கூட்டி வருகிறேன், அவன் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று இவள் கெஞ்சினாள்.

"இம்புட்டு நாளா ஒங்க பேருதான இதுல இருக்கு. ஒங்கள யாரு பைத்தியம்னு சொன்னாக?"

முனீஸ்வரி வீட்டுக்கு வந்து தம்பியிடம் மறைக்காமல் சொன்னாள். அவன் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"என் சீக்கையும் நீயேவா சொமந்த? குடுத்துரு. நானே வச்சுக்கிறேன்."

அடுத்த மாதம் புறப்பட்டான். நிறுத்தத்தில் கூட்டத்தைக் கண்டு பின்வாங்கினான். முதல் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். அடுத்ததில் ஏறினார்கள். மருத்துவர் அவனிடமே முதலிலிருந்து விசாரித்து, மாத்திரையை மாற்றி எழுதினார். ரோகிணி பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பழக்கத்தில் முனீஸ்வரி பேனாவை எடுத்தாள். அருண்பாண்டி அதை அவள் விரலிலிருந்து வாங்கி, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினான்: மு. அருண்பாண்டி, 12.3.2024.