சாந்திமதி ஏறி இறங்கிய சைனீஸ் ஓட்டல்கள்

வெந்த மாவு உருண்டை கையைச் சுடும். சுட்டாலும் கீழே போட முடியாது. ஆறிவிட்டால் பிழிய வராது. இட்லிப் பானையிலிருந்து உருண்டையை எடுத்துச் சேவை நாழிக்குள் போட்டு, மேல்பிடியைத் திருகிக்கொண்டிருந்தன அந்தக் கைகள். கீழே விரித்த வாழையிலையில் வெள்ளை இழைகள் சுருண்டு விழுந்தன. அச்சின் ஓரத்தில் ஒரு துளை எப்போதோ தெறித்திருந்தது. அதன் வழியாக வரும் இழை மட்டும் ஒரு பக்கம் தட்டையாக, நடுவில் கோடு விழுந்து வரும். புது அச்சு வாங்கச் சொன்னவர்களுக்கு ஒரே பதில்தான்: "ஒரு இழை தட்டையா இருந்தா உன் தொண்டையில போவாதா?"

கைகளுக்கும் பதிலுக்கும் உரியவள் சாந்திமதி. திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீடு, ஊர்வாயில் நயினார் வீடு. புருஷன் போன பிறகு சேவை பிழிந்து மகன் அப்பாண்டையை ஆளாக்கியவள். விடியற்காலையில் அவள் பிழிவதை அப்பாண்டை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் காஞ்சிபுரத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பான். அந்த ஓட்டல்கள் ஒன்றிலும் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் அவள் வீட்டுக்குள் வராது. பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதும் இல்லை. ஓட்டலை அதன் முன்வாசலை வைத்து எடைபோடுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். "பின்பக்கம் போய் எலி எவ்ளோ கொழுத்திருக்குதுன்னு பாரு. அதுதான் போர்டு" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஊர் ஊராகச் சைனீஸ் ஓட்டல் தேடி அலைந்தாள். மருமகள் திரிசலாதான் காரணம்.

திரிசலா பல்லாவரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் அங்கே டெலிபோன் ஆபீசில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். மூன்றாம் மாதம் மசக்கையில் சோறு கண்டால் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கஞ்சி தங்கவில்லை. மோர் தங்கவில்லை. கன்னம் உள்ளே போய்விட்டது.

"இன்னா வேணும்னு வாயைத் தொறந்து சொல்லேன்" என்றாள் சாந்திமதி.

"சொன்னா திட்டுவீங்க அத்தை."

"சொல்லலைன்னாலும் திட்டுவேன்."

"நூடுல்ஸ். வேலை முடிஞ்சு வரும்போது ஸ்டேஷன் பக்கத்துல ஒரு சைனாக்காரங்க கடையில வெஜிடபிள் நூடுல்ஸ் சாப்பிடுவோம். பொழுது இருக்கும்போதே முதல் தட்டு எங்களுக்குத்தான் போடுவாங்க. அது கிடைச்சா சாப்பிடுவேன்னு தோணுது."

பெண்ணைப் பார்க்க வந்த அவளுடைய அப்பா சந்திரநாதன் கூடத்தில் உட்காராமலே பேசினார். "ஞாயித்துக்கிழமை மறுபடியும் வரேன். அதுக்குள்ள நாலு வாய் உள்ள போகலைன்னா அழைச்சுக்கினு போயிடறேன்."

ஏழாம் மாதம் வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அனுப்புவது ஊர் வழக்கம். மூன்றாம் மாதத்தில் பெண்ணை அழைத்துப் போனால், அந்த வீட்டில் அவளுக்குச் சோறு போட நாதியில்லை என்று அர்த்தம். பல்லாவரம் முழுக்க அதைத் தமுக்கு அடிப்பார்கள். அதைவிட, வழியிலேயே அந்த உடம்பு என்ன ஆகும் என்ற பயமும் சாந்திமதிக்கு இருந்தது. பயத்தை வெளியே சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லாததால் அப்பாண்டையைத்தான் திட்டினாள். "பாத்துக்கினு நிக்கற. கெளம்பு."

அந்த வருஷங்களில் காஞ்சிபுரத்தில் சைனீஸ் என்பது ஒரு வியாதி போலப் பரவியிருந்தது. பட்டு வாங்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு இட்லி இறங்காது என்று யாரோ ஒரு ஓட்டல்காரருக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கு அவரைப் பார்த்துத் தோன்றியது. நேற்றுவரை சாம்பார் வாளி தூக்கியவர்கள் இன்று சைனீஸ் மாஸ்டர். போர்டு எழுதியவரோ கோயில் வாகனங்களுக்கு வர்ணம் அடிப்பவர். அவர் எழுதிய டிராகன் எல்லாம் யாளியாகவே இருந்தது. ஒன்றுக்கு நாமம்கூடப் போட்டிருந்தார்.

முதல் ஓட்டல் பஸ் ஸ்டாண்டு பக்கம். அப்பாண்டை கேட்டதும் தட்டு வந்தது. சேமியா உப்புமா, மேலே தக்காளி சாஸ் ஊற்றியிருந்தது. உள்ளே கறிவேப்பிலை.

"ஏம்பா, சைனாவுல கறிவேப்பில மரம் இருக்குதா?" என்று கேட்டாள் சாந்திமதி.

"எல்லாம் இருக்குதும்மா, பெரிய நாடு" என்றான் சர்வர்.

இரண்டாவது ஒரு லாட்ஜுக்குக் கீழே. அங்கே நூடுல்ஸ் தீர்ந்துவிட்டது, ஃபிரைடு ரைஸ் இருக்கிறது என்று கொண்டுவந்தார்கள். மத்தியானத்து எலுமிச்சஞ்சாதத்தில் முட்டைகோஸைப் போட்டுச் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். கடுகு, கடலைப்பருப்பு அப்படியே கிடந்தன. "பொறுக்கி எடுக்கக்கூட சோம்பல். ஏமாத்தறதுக்கும் கொஞ்சம் பாடுபடணும்பா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். சாயம் அப்பாண்டையின் விரலில் இரண்டு நாள் இருந்தது.

வாலாஜாபாத்தில் பெரிதாக ஒன்று திறந்திருக்கிறது, லாரிக்காரர்கள் எல்லாம் புகழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார்கள். காஞ்சிபுரத்தில் சாந்திமதியிடம் நெடுநாளாகச் சேவை வாங்கும் திருஞானசம்பந்தம்தான் அங்கே கிளை போட்டிருந்தார். கல்லாவில் அவர் இல்லை. தட்டு வந்தது. குடைமிளகாய், பூண்டு வாடை, கறுப்பாக ஏதோ ஒரு சாஸ். அப்பாண்டை மூக்கைச் சுளித்தான். சாந்திமதி சாப்பிடவில்லை, விரலால் ஓர் இழையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பக்கம் தட்டை. நடுவில் கோடு.

"அப்பாண்டை, இன்னிக்குக் காத்தால சம்பந்தம் கடையில எவ்ளோ போட்ட?"

"வழக்கத்தைவிட அதிகமா கேட்டாரும்மா."

அதற்குள் திருஞானசம்பந்தம் உள்ளேயிருந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். பார்த்ததும் துண்டு நின்றது.

"இன்னாமா இவ்ளோ தூரம்..."

"என் சேவையைத் தேடிக்கினு வந்தேன். காத்தால வெள்ளையா அனுப்பினேன். இங்க வந்து பாத்தா, பாவம், கறுத்துப் போயி கெடக்குது."

"சத்தம் போடாதீங்கம்மா. இங்க சாப்பிடறவன் எவன் சைனாவைப் பாத்திருக்கான்?"

"நானும்தான் பாக்கல. என் சேவையைப் பாத்திருக்கேன்." எழுந்து தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நாளையிலேர்ந்து வராது. சைனாவிலேர்ந்தே தருவிச்சுக்கோ."

பக்கத்து மேஜையில் இருந்த லாரிக்காரர் தன் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். நம் ஆட்களை அவ்வளவு சுலபத்தில் திருத்த முடியாது.

மறுநாள் அப்பாண்டை டிபன் கேரியரோடு பல்லாவரம் போனான். திரிசலா சொன்ன கடை அடுப்பு மூட்டுவதே சாயங்காலம்தான். வாங்கிக்கொண்டு அவன் வீடு திரும்பியபோது இருட்டி நெடுநேரம் ஆகியிருந்தது. இருட்டில் அந்த வீட்டில் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். காலையில் திறந்தால் எல்லாம் ஒட்டிக் கயிறாகி, புளித்த வாடை அடித்தது. திரிசலா அதைப் பார்த்து அழுதாள்.

"அழுவாத. அழுது தண்ணியையும் வீணாக்காத, உடம்புல இருக்கறதே கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை சாந்திமதியே மகனை அழைத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

பல்லாவரத்தில் அந்தக் கடை, ஒரு தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறை. டிராகன் இல்லை, யாளியும் இல்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. வழக்கம்போல் முன்வாசலை விட்டுப் பின்பக்கம் போனாள். தன் வயதுள்ள ஒரு சைனாக்காரி பலகையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னாமா வேணும்? கடை அஞ்சு மணிக்குத்தான்" என்றாள், சுத்தமான சைதாப்பேட்டைத் தமிழில்.

சாந்திமதி விஷயத்தைச் சொன்னாள். சைனாக்காரி தலையாட்டிக்கொண்டே கிண்ணத்திலிருந்த முட்டையைத் தட்டி மாவில் ஊற்றினாள்.

"இது வெஜிடபிளுக்கா?"

"எல்லாத்துக்கும் ஒரே மாவுதாம்மா. முட்டை இல்லாம எப்பிடி?"

சாந்திமதி அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திரிசலா இரண்டு வருஷம் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். மகன் பக்கம் திரும்பி, "இது அந்தப் பொண்ணு காதுல விழுந்துது, உன்னைத் தொலைச்சிடுவேன்" என்றாள்.

சைனாக்காரியிடம் கேட்டாள்: "முட்டை இல்லாம வரவே வராதா?"

"வரும். உப்பும் தண்ணியும் போட்டு இன்னும் அடிச்சுப் பிசையணும். இந்த வழவழப்பு வராது. ஆனா வாசனை மாவுல இல்லம்மா, தீயில இருக்குது." இரும்புச் சட்டியைப் புகைய வைத்து, ஒரு பிடி கோஸைப் போட்டு ஓரம் கருகப் புரட்டிக் காட்டினாள்.

அன்று வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சாந்திமதி பட்டினியாகப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை மைதாவைப் பிசைந்தாள். இவ்வளவு காலம் செய்த கை அல்லவா, அது யாரையும் கேட்கவில்லை: உருண்டை பிடித்தது, இட்லிப் பானையில் வேக வைத்தது, நாழியில் போட்டுத் திருகியது. அரிசி மாவுக்கு அதுதான் முறை. மைதா பசையாகி அச்சின் துளையெல்லாம் அடைத்துக்கொண்டது. நாழி திறக்கவும் வரவில்லை, மூடவும் வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா நயினாரம்மா, எங்க பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சறீங்களா?"

"எடுத்துக்கினு போ. உங்க சேலையாவது மொடமொடன்னு நிக்கட்டும்."

சனிக்கிழமை நாழியைத் தொடவே இல்லை. பச்சை மாவைப் பலகையில் தேய்த்து, மடித்து, கத்தியால் நறுக்கினாள். தடிமனாகப் போனது. மறுபடி தேய்த்தாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, துணியில் வடிகட்டிய குளிர்ந்த நீரில் அலசினாள். ஒன்றை வாயில் போட்டு மென்றாள். "சனியன், ரப்பர்" என்று துப்பிவிட்டு மீண்டும் பிசைய உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரநாதன் பிற்பகலே வந்து, பெண்ணின் பெட்டியைக் கூடத்தில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். சமையலறையில் பம்ப் ஸ்டவ் இரைந்தது. சாந்திமதி கோஸை இலை இலையாகப் பிரித்து, பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயுதும்மா. கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார் சந்திரநாதன்.

"சூரியனை எனக்குக் காட்ட வேணாம் சம்பந்தி. உங்களுக்கு முன்னாடியே அதைப் பாத்துக்கினு இருக்கேன்."

சட்டி புகைந்தது. நல்லெண்ணெய், கோஸ், மிளகுத்தூள். ஓரம் கருகுகிற நேரத்தில் இழைகளைக் கொட்டி இரண்டு கரண்டியால் தூக்கிப் புரட்டினாள். இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். வாசற்படியில் நிழல் விழுந்தது. திரிசலா தானாகவே எழுந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். புடவைத் தலைப்பு தோளிலேயே இருந்தது, மூக்குக்குப் போகவில்லை.

"அந்தக் கருகின வாசனை அத்தை..."

"கருகினதுக்கா இவ்ளோ ஏக்கம்? இந்த வீட்ல தெனமும் ஒண்ணு கருகுது. முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

மேற்கு ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. சாந்திமதி வெண்கலத் தட்டில் ஆவி பறக்கக் கொட்டி, சூடு தாங்கப் பழைய துணியை அடியில் மடித்து வைத்து, தட்டை மருமகளின் இரண்டு கைகளிலும் கொடுத்தாள்.