வட்டக் கேணியில் ஒரு முழங்கால்

தண்ணீர் சுடவைப்பதைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. என் பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். உருத்திரபுரத்து வெயிலில் ஊரே கிணற்றடியில் நின்று பச்சைத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் குளிக்க, எங்கள் வீட்டில் மட்டும் விடிந்ததும் சுடுதண்ணீர் அடுப்பு எரியும். மலைக்குளிரில் வந்த பழக்கத்தை அம்மா விடவேயில்லை. அயலார் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். கலியாணம் கட்டிய பிறகு நெல் அவித்து விற்கத் தொடங்கினேன். அதற்காக நான் எரித்த உமியைக் குவித்தால் எங்கள் வீட்டுக் கூரை தெரியாது. ஆகவே சுவிஸிலிருக்கும் கணவரின் தம்பி, காற்றடித்து உப்பவைத்து ஆள் உள்ளே இறங்கி இருக்கிற சுடுநீர்த் தொட்டி ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்பியபோது, அதைக் கண்டு மலைக்காதவள் நான் ஒருத்திதான்.

தொட்டி வந்தது சொகுசுக்கு அல்ல. வயலில் ட்ரக்டர் வரம்போடு சரிந்தபோது கணவர் குதித்து, இடது முழங்காலை உடைத்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் மாவுக்கட்டு வெட்டிய பிறகு கால் உலக்கை மாதிரி நீட்டிய நீட்டில் நின்றது. கிளச்சை மிதிக்க இடது காலை மடக்கித் தூக்க வேண்டும். அது முடியவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோ மிஸ், வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இருந்து மடக்கிப் பழகினால் இளகும், இந்தச் சில வாரங்களுக்குள் இளகாவிட்டால் பிறகு கஷ்டம் என்று சொன்னார். மாரி மழையோடு வருகிற பெரும்போக விதைப்புக்கு அதிக நாள் இல்லை. வேறு ஆளை வைத்து ஓட்டலாம் என்றேன். என் கணவர் அதற்குச் சம்மதிக்கிற சாதி இல்லை.

"நான் ஏறாத மெசின் என்ரை வளவிலை நிக்கக் கூடாது. மழைக்கு முன்னம் கால் மடங்காட்டி விக்கிறதுதான்" என்றார்.

அந்த ட்ரக்டரில்தான் எங்கள் வயலும் உழுபட்டது, அயல் வயல்களும் உழுபட்டன. அதை விற்றுவிட்டு மனிதன் வாசலில் கதிரையைப் போட்டுக் குந்தியிருந்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் விடப்போவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

தொட்டியை முற்றத்துச் சீமெந்துத் தரையில் வைத்துக் காற்றடித்தோம். பிளக்கைக் குத்திவிட்டால் போதும், அடுத்த நாள் சூடாகிவிடும் என்று தம்பி போனில் சொன்னார். அவருடைய நாட்டில் கரண்ட் அப்படியாக்கும். எங்கள் லைனில் பொழுதுபட்டால் பல்ப் முட்டை மஞ்சள் நிறத்துக்கு வந்துவிடும், மோட்டர் முனகும். தொட்டியின் ஹீட்டர் இரவு முழுக்க ஓடியது. காலையில் பிசியோ மிஸ் கையை விட்டுப் பார்த்தார்.

"கிணத்துத் தண்ணிக்கு இது கொஞ்சம் பரவாயில்லை, அக்கா" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு மூடை நெல்லைப் பதம் பிசகாமல் அவிக்கிறவளிடம் வந்து தண்ணீர் சுடவில்லை என்கிறார்களே. அன்றே தொட்டியை வெறுமையாக்கிவிட்டு வேலையில் இறங்கினேன்.

முதல் பிழை தரை. சூட்டில் பாதியைச் சீமெந்து குடித்துக்கொண்டிருந்தது. அடியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மேலே தார்ப்பாய்ப் படங்கை விரித்து, அதற்கு மேல் தொட்டியை வைத்தேன். சுற்றிவர உமிச் சாக்குகளை நெருக்கி அடுக்கினேன். சோளகக் காற்று அடிக்கிற பக்கம் கிடுகு கட்டி மறைத்தேன். மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கிற கறுப்பு பைப்பைச் சுருட்டி வெயிலில் போட்டு, தண்ணீரை அதற்குள் கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் விட்டேன். மத்தியானம் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் திடுக்கிடும். சூரியன் சும்மா தருவதை விட்டுவிட்டுக் கரண்டிடம் கெஞ்சுவது எனக்குச் சரிவராது. மிச்சத்துக்கு நெல் அவிக்கிற கிடாரம் இருக்கிறது. உமி அடுப்பில் கொதிக்கவைத்து, வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். கொதிநீரை அப்படியே ஊற்றினால் தொட்டியின் தோல் இளகிவிடும், அந்த அளவு புத்தி எனக்கு உண்டு.

ஹீட்டரை நான் தள்ளிவைக்கவில்லை. கரண்ட் நன்றாக வருகிற முற்பகலில், கடைசிச் சூட்டை ஏற்றவும், ஏறியதை இறங்காமல் வைத்திருக்கவும் மட்டும் அதைப் போட்டேன். மூடியைத் திறந்து திறந்து பார்க்க ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றவுமில்லை, அழுக்கைப் பிடிக்கிற வடியைக் கழுவி அதே தண்ணீரைப் பாவித்தோம். தொட்டியில் குமிழி வரவைக்கிற பொத்தானில் கணவருக்கு ஒரே ஆசை. பார்த்தால் கொதிக்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது வெளிக்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிற வேலை, நாம் சேர்த்த சூடெல்லாம் அதோடு போய்விடும். அந்தப் பொத்தானுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வந்தபோது பிசியோ மிஸ் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அது போதும். அதற்குள் ஊர் தொட்டிக்கு வட்டக் கேணி என்று பெயரும் வைத்துவிட்டது. முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒவ்வொரு முறையும் மிஸ் அளந்து பார்த்து, "நல்லா வருது, ஆனா இன்னும் காணாது" என்பார். கிளச்சை மிதிக்க அந்த மடக்கு போதாது என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வளவு அக்கா தன் பங்குக்கு உதவி செய்தா. ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வேதுத் தண்ணீர் வார்ப்பது அவாதான். நொச்சி, பாவட்டை, ஆமணக்கு இலைகளை அவித்து, உடம்பு நோ போக அந்தத் தண்ணீரால் குளிப்பாட்டுவா. கை ராசியான மனிசி. நான் சங்கக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, இவ்வளவு சுடுதண்ணீர் இலையில்லாமல் வீணாகிறதே என்று இரங்கி, ஒரு கட்டு இலையை உருவித் தொட்டிக்குள் போட்டு மூடியையும் மூடிவிட்டுப் போய்விட்டா. நான் திரும்பி வர, முற்றம் முழுக்கப் பிள்ளைப்பெற்ற வீட்டு வாசம். இலை போய் வடியை அடைத்து, தொட்டியின் மெசின் ஏதோ எழுத்தும் இலக்கமுமாக மின்னி மின்னி நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தை அந்த அக்காவிடம் காட்ட முடியவில்லை. என் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் எனக்கு வேது வார்த்தவா அவாதான். வடியைக் கழற்றி, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கதை அதற்குள் சந்திக்குப் போய்விட்டது. கணவர் ஊன்றுகோலோடு தேநீர்க் கடைக்குப் போனவர், போன கையோடு திரும்பி வந்தார். பிறந்தது ஆணா பெண்ணா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவு எப்போது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பத்தியச் சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று கடைக்காரரும் விசாரித்திருக்கிறார். இனி அந்தத் தொட்டிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்றே வாசலில் நின்று வவுனியாவிலுள்ள வியாபாரி ஒருவருக்குப் போன் எடுத்தார். பழைய ட்ரக்டர் வாங்கி விற்கிற முஸ்லிம் மனிதர், அண்ணன் முறைக்கு நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வந்து பார்ப்பதாக அவர் சொன்னார்.

எனக்குப் பயம் வந்தது. காலுக்கு மருந்து இருந்தது, வெட்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

"அந்த வேதுத் தண்ணியிலை குளிச்சுத்தான் நான் எழும்பினனான், இந்த ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் எழும்பினவை. எங்களுக்கு இல்லாத வெக்கம் உங்கடை முழங்காலுக்கு எங்கையிருந்து வந்தது? ட்ரக்டரை வித்துப்போட்டு மானத்தை வைச்சு உழப் போறியளோ?"

நான் போய் அடுப்பை மூட்டினேன். தொட்டியின் மெசின் படுத்துவிட்டது, ஆகவே வெயில் தண்ணீரும் கிடாரமும் மட்டும்தான். வைக்கோலும் உமிச் சாக்கும் தங்கள் வேலையைச் செய்தன. முழங்கையைத் தோய்த்துப் பார்த்தேன், நெல் ஊறப்போடுகிற பதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சூடு போதும். கூப்பிடவில்லை. மூடியை மட்டும் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"கெதியா மூடும், சூடு போகுது" என்று எனக்கே படிப்பித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

அதன்பிறகு அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. காய்ந்த பிறகு தொட்டியின் மெசினும் உயிர் பெற்றது. ஆனால் வியாபாரியை வரவேண்டாம் என்று அவர் சொல்லவுமில்லை. கால் இன்னும் காணாது என்பதுதான் அவர் கணக்கு. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஓம், விற்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வியாபாரி வந்தார். நிதானமான மனிதர். டயரைத் தட்டிப் பார்த்தார், எண்ணெயைத் தொட்டு மணந்தார். மரத்துக்குக் கீழே இருட்டாக இருக்கிறது, வெளியே எடுத்தால் நல்லது என்றார். நான் தொட்டிப் பக்கம் சரிந்த உமிச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஓட்டுவதற்கு ஆளைக் கூப்பிடுவோமா என்று நான் கேட்க முன்னம், கணவர் பேச்சு மும்முரத்தில் சில்லுக்கு மேலாலே கையை ஊன்றி ஏறி இருந்துவிட்டார். என்ஜினைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டே ஸ்டார்ட் செய்தார். ட்ரக்டர் உறுமி, மரத்தடியிலிருந்து மெல்ல வெளியே வந்து, வெயிலில் நின்றது.

நான் பார்த்துவிட்டேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.

பேச்சு பாதியில் நின்றது. குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். காலை எடுத்தார், மடக்கித் தூக்கி வைத்தார், மிதித்தார், விட்டார். திரும்பவும் மிதித்தார், விட்டார். வியாபாரி கிட்ட வந்தார்.

"கிளச்சில ஏதும் பிழையா, அண்ணன்?" என்று கேட்டார்.

"கிளச் நல்லாத்தான் இருக்கு, நானா" என்றார் கணவர். "நான்தான் உங்களை வீணா அலைக்கழிச்சுப்போட்டன். குறை நினைக்காதேங்கோ. இதை விக்கேல்லை."

சொல்லிவிட்டுப் படலை வழியாக வயல் ரோட்டுக்கு ட்ரக்டரை விட்டார். வியாபாரி ஒன்றும் விளங்காமல் இந்தப் பக்கம் திரும்பினார். சாக்கைக் கட்டிப்பிடித்தபடி நான் அழுதுகொண்டிருந்தேன். அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"அழாதீங்க, தங்கச்சி. அவர் விக்கல்லயாம்" என்றார்.

"எனக்கும் கேட்டது, நானா" என்றேன். "அதுதான் அழுறன்."