மொட்டை மாடியில் கட்டிய சிவப்புப் புடவை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மேல் மாடியில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார். தம்பி ராணுவத்தில், பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கும் பிரிவில் இருந்தான். எனக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவையைப் பிரித்துப் போட்டு, வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, மறுபடி மடித்து வைக்க வேண்டும். அங்கே அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் நான் வீட்டில் வந்து கொட்டுவதாக அம்மா சொல்வாள். பொய்யில்லை.

பள்ளிக்கூட நாளில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்ததற்காகத் தம்பி அம்மாவிடம் துடைப்பக்கட்டையால் அடி வாங்கியிருக்கிறான். அதே ஆளுக்கு ஓடுகிற விமானத்திலிருந்து குதிக்கச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறதே என்று நான் அவனைக் கிண்டல் செய்வேன்.

எங்களுக்கு போன் கிடையாது. கீழே இருந்த மளிகைக் கடை நம்பர்தான். ஒருநாள் அதில் கூப்பிட்டான். "யக்கா, நாங்க இந்தப் பக்கமாதான் வந்துகீறோம். பெரிய எக்சர்சைஸ், சண்டை ஒத்திகை மாரி. நாளன்னிக்கு காலைல ப்ளேனுங்க வரிசையா நம்ம வூட்டு மேல போவும். அம்மாவ மாடிக்கு இட்டுக்கினு போய்க் காட்டு. கடைசி வரிசைல நடு ப்ளேன்ல நான் இருப்பேன். யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத."

லைன் சரியில்லாததால் ஒவ்வொன்றையும் நான் கத்தித் திருப்பிக் கேட்டேன். சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு வேறு கவலை வந்தது. "நம்ம பாக்கறது சரி. அவன் பாக்க வேணாமா? மேலேந்து பாத்தா எல்லா பிளாக்கும் ஒரே மாரி மஞ்சளாத்தானே கீது? நம்ம வூடு எதுன்னு எப்டி தெரியும் அவனுக்கு?"

பார் என்றுதான் அவன் சொன்னான். தானும் பார்ப்பேன் என்று சொல்லவே இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கடையில் சாயம் ஓரத்தில் பிசகி ஒதுக்கி வைத்திருந்த ஒரு புடவையைக் கேட்டு வாங்கி வந்தேன். பழுத்த மிளகாய்ச் சிவப்பு. அவன் சொன்ன நாள் விடிந்ததும் அம்மா அதை மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் நடுவில் முழு நீளத்துக்கு விரித்துக் கட்டினாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. ஆற்றங்கரைக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. அப்புறம் தெற்கேயிருந்து, சாம்பல் நிறத்தில், வயிறு பருத்த விமானங்கள் மூன்று மூன்றாக வந்தன. ஒரு வரிசை போனதும் அடுத்தது, அது போனதும் அடுத்தது. இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு கூட்டமாக நான் விமானங்களைப் பார்த்ததே இல்லை. கடைசி வரிசையின் நடு விமானம் வந்தபோது அம்மா இரண்டு கைகளையும் ஆட்டி, அவனுடைய செல்லப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். விமானத்தின் நிழல் புடவை மேல் ஏறி இறங்கிப் போனது. எல்லாம் கடல் பக்கமாகத் திரும்பி மறைந்தன.

"பாத்துட்டான், பாத்துட்டான்!" என்று பிளாக்கே கைதட்டியது. அம்மா கேசரி கிண்டி வீட்டுக்கு வீடு கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் கேசரியை வாயில் வைத்ததில்லை.

அன்று சாயங்காலமே ராணுவ ஜீப் வந்து எங்கள் பிளாக் முன்னால் நின்றது. வந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ஊருக்கு வெளியே குதித்தபோது பாராசூட் நன்றாகத்தான் விரிந்ததாம். தரைக்கு வரும் நேரத்தில் எதிர்பாராத காற்று அடித்துத் தம்பியை இழுத்துப் போய்ப் பாறையில் மோதிவிட்டது, அங்கேயே உயிர் போய்விட்டது, யார் மேலும் தப்பில்லை என்றார்.

யார் மேலும் தப்பில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. யார் மேலாவது தப்பு இருந்தால் அவரையாவது திட்டித் தீர்க்கலாமே.

அம்மா அழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டாள். "அவன் பொடவைய பாத்தானா?" பார்க்காமல் இருப்பானா என்று எல்லாரும் சொன்னார்கள். "நீ இன்னா கூடவா ஒக்காந்துகினு இருந்த?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புடவையை அவிழ்க்கப் போனால் விடமாட்டாள். "கேட்டுட்டு அவுக்கலாம்." யாரைக் கேட்பது? கடையில் யாராவது சிவப்புப் புடவை கேட்டால் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் தள்ளிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்து கிடக்கும். அம்மாவும் போய்விடுவாளோ என்ற பயத்திலேயே படி ஏறுவேன்.

முப்பதாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, வெயில் ஏறிய ஒரு மத்தியானம், ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு பையன் தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேலூர்ப் பக்கத்துக்காரன். உள்ளே வந்து உட்காரவில்லை. "வரிசைல நான்தாம்மா அவன் பின்னால நின்னேன்" என்றான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தம்பி சொல்லியிருக்கிறான். முதுகில் கட்டிய பாராசூட்டைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் குதிப்பதற்கு முன் பின்னால் நிற்பவன்தான் முன்னால் நிற்பவனின் வாரையும் கயிற்றையும் தொட்டு இழுத்துப் பார்ப்பான். எல்லாம் சரியென்றால் தோளில் ஒரு தட்டு. லீவில் வந்தால் தம்பி அதை வீட்டிலேயே ஆரம்பித்துவிடுவான். நான் வேலைக்குக் கிளம்பும்போது என் கைப்பை வாரை இழுத்துப் பார்த்து, தோளில் பட்டென்று தட்டி, "ஓகே, குதி" என்பான்.

இத்தனை நாள் தேடிய ஆள் கிடைத்துவிட்டது போல இருந்தது எனக்கு. "நீ ஒழுங்கா பாத்தியா?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பாத்தேன்கா. எல்லாம் சரியா இருந்துது. பாராசூட் குடை விரிஞ்சதக்கூட பாத்தேன். ஆனாலும் தினம் என்னையே நான் அதத்தான் கேட்டுக்கறேன்."

"நீ சும்மா இருடி" என்று அம்மா என்னை அடக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நைனா, நீ கூட இருந்தவன். நீயாவது நெசத்த சொல்லு. மாடில பொடவ கட்டி வெச்சேன். பாத்தானா?"

பாத்தான்மா என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லம்மா. பக்கவாட்டுல பெஞ்சு மாதிரி போட்டிருக்கும். ஜன்னல் எங்க முதுகுக்குப் பின்னால இருக்கும். அந்தப் பாரத்தக் கட்டிக்கிட்டுத் திரும்ப முடியாது. வெளிய எதுவுமே தெரியாது." பையைக் கீழே இறக்கி வைத்தான். "ஆனா ஆத்துக்கிட்ட வந்தப்ப ப்ளேன் லேசா சாஞ்சுது. அப்ப என்னை இடிச்சு, இப்ப எங்கம்மா மாடில நிப்பாங்கடான்னு சொன்னான்."

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"கடசீல அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"நான் மூஞ்சியப் பாக்கலம்மா. முதுகத்தான் பாத்தேன். தட்னேன். திரும்பாமயே கைய தூக்கிக் காட்னான். அப்புறம் போய்ட்டான்."

அம்மா அவன் எதிரில் போய் நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"எப்டி தட்ன? தட்டு."

அவன் என்னைப் பார்த்தான். இளைத்துப்போன அம்மாவின் ரவிக்கை, தோள் எலும்பின் மேல் கவிழ்த்து வைத்தது போலத் தொளதொளவென்று இருந்தது. அவன் கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். பிறகு அந்தத் தோளில் ஒரு தட்டு தட்டினான்.

அம்மா திரும்பவில்லை. வலது கையை மட்டும் மெல்ல உயர்த்திக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அவள் உடம்பு குலுங்கியது. தம்பி போன பிறகு அம்மா முதல்முதலாக அழுதது அப்போதுதான். அந்தப் பையனும் சுவரில் சாய்ந்து அழுதான். நான் திட்டக் காத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவனுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டேன். அம்மாவும் அவனோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

சாயங்காலம் அம்மாவே மாடிக்குப் போய்ப் புடவையை அவிழ்த்து வந்தாள். வானத்தைப் பார்த்திருந்த பக்கம் வெளுத்துப் போயிருந்தது. மடித்துத் தம்பியின் பைக்குள் வைத்தாள். அது இன்றும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

அம்மாவும் இப்போது இல்லை. நான் அடையாறு பக்கம் குடிவந்துவிட்டேன். விமானச் சத்தம் கேட்டால் இன்னமும் அண்ணாந்து பார்க்க மாட்டேன், தலை தானாகக் குனிந்துகொள்ளும். ஆனால் காலையில் என் மகள் வேலைக்குக் கிளம்பும்போது பை வாரை இழுத்துப் பார்த்துத் தோளில் ஒரு தட்டு தட்டாமல் நான் அவளை அனுப்பியதில்லை. அவளும் திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் படி இறங்குவாள். ஒவ்வொரு நாளும் அந்த முதுகை மறையும் வரை பார்த்துக்கொண்டு நிற்கும்போது, வேலூர்ப் பக்கத்துப் பையன் அன்று எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்தான் என்பது எனக்குப் புதிதாகப் புரிகிறது.