கடைசிப் பாடம் ரிவர்ஸ்

என் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்தினால் அந்த மரியாதை கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஆபீஸ் என்பது எங்கள் முன்னறை. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த படம், அவ்வளவுதான். பல் டாக்டரம்மா, மருந்துக்கடைப் பெண், பள்ளிக்கூட வாத்தியார் என்று வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றார்கள். நான் மட்டும் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்!

சொல்லித்தர மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே "கத்துத் தர்றேன், கத்துத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் நானே விடாப்பிடியாக நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், குடோனுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஆரம்பித்தோம்.

மாஸ்டர் மகா பொறுமைசாலி என்று ஊரில் பெயர். பெண்டாட்டி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் அந்தப் பொறுமை எங்கே ஓடி ஒளியுமோ தெரியாது. பக்கத்து சீட்டில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான் கிளட்சைப் பாதியில் பிடித்தால் போதும், அந்தப் பிரேக்கை மிதிப்பார்.

"பாதி கிளட்ச்ல நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? எஞ்சின் கத்துது பாரு. அத்தனையும் பெட்ரோல்!"

"நீங்கதான் கத்துறீங்க. அது பாவம், மெதுவாத்தான் சத்தம் போடுது."

சிரித்துவிடுவார். முன்னால் ஓட்டுவதும் வளைத்துத் திருப்புவதும் எனக்கு வந்துவிட்டன. ரிவர்ஸ் மட்டும் பாக்கி. அவரைப் பொறுத்தவரை அது யாருக்குமே கடைசிப் பாடம்தான். ஊர்ந்து ஊர்ந்து பழக வேண்டும், பெட்ரோலை அப்படிக் குடிக்கும் என்பார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கடலுக்கு அப்பால் எங்கேயோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டன. இவர் டிவியை விட்டு நகரவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் எனக்கும் பாடம் நடத்தினார். சர்க்கரை டப்பா எண்ணெய் எடுக்கிற நாடு. உப்பு டப்பா பக்கத்து நாடு. நடுவில் குறுகலான கடல். ஸ்பூன்தான் கப்பல்.

"உப்பு வந்து கப்பலை மறிக்குது. அப்படின்னா நான் எண்ணெய் எடுக்கிறதையே குறைச்சுக்கிறேன்னு சர்க்கரை சொல்லுது. ரெண்டுக்கும் வீம்பு. கப்பல் இங்கேயே நின்னா, நம்ம பங்க்ல விலை எகிறும்."

"அந்தக் கப்பலைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க. காபி கலக்கணும்."

கிண்டல் செய்தேன். விலை நிஜமாகவே எகிறியது. சேரும்போதே முழுப் பணமும் கட்டியவர்களிடம் மேற்கொண்டு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதனால் வண்டியைக் கஞ்சனாக்கினார். தினமும் டயரில் காற்று பார்த்தார். டிக்கியில் கிடந்த சாமான்களை எல்லாம் இறக்கினார். சிக்னலில் எஞ்சினை அணைத்தார். ஏசி போடாமல், படிக்க வந்தவர்கள் வேர்த்து வழிந்தார்கள். ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

"விலை கொஞ்சம் இறங்கட்டும்மா. ரிவர்ஸ் ஒண்ணுதானே பாக்கி, ஒரு நாள் வேலை."

"எப்ப இறங்கும்?"

"பேச்சுவார்த்தை நடக்குது. அடுத்த வாரம் இறங்கிடும் பாரேன்."

பேச்சுவார்த்தை நடந்தது, முறிந்தது, மறுபடி நடந்தது. ஏறும்போது ராத்திரியோடு ராத்திரியாக ஏறுகிற விலை, இறங்குவதென்றால் நொண்டிக்கொண்டுதான் வரும். நானும் நச்சரித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது. இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

விலையை எதிர்த்து ஸ்டிரைக் நடந்தது. ஆட்டோ, டாக்சி ஒன்றும் ஓடவில்லை. மறுநாள் விலை இன்னும் ஏறும் என்று யாரோ கிளப்பிவிட, பங்க் எல்லாவற்றிலும் கூட்டம். இவர் உஷாராக முதல் நாளே வரிசையில் நின்று டேங்கை நிரப்பி வந்து, எப்போதும்போல் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தார்.

ஸ்டிரைக் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வண்டியைத் துடைக்கப் போனவர் கையிலிருந்து வாளி விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், தரையில் உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. வலது கை தொங்குகிறது. மாடியைப் பார்த்துக் கத்தினேன். மாடி வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்தாள். தெருவில் வேறு யாரும் இல்லை, எல்லோரும் வேலைக்கோ பெட்ரோல் வரிசைக்கோ போயிருந்தார்கள். இருவருமாக அவரை இழுத்துப் பின் சீட்டில் கிடத்தினோம்.

"அக்கா, வண்டிய எடுங்கக்கா! உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே!"

சாவியைப் போட்டேன். எஞ்சின் உடனே பிடித்தது. பின்னால் கேட் திறந்து கிடக்கிறது. முன்னால் சுவர். கியரை எங்கே தள்ளினாலும் வண்டி முன்னால்தான் போகிறது. துள்ளிப் போய்ச் சுவரில் மோதி நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் இடது கையைத் தூக்கி, கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். பதறாதே என்கிறார் என்று நினைத்தேன்.

"பதறலைங்க, பதறலைங்க" என்று அழுதுகொண்டே மறுபடியும் மோதினேன்.

கையால் தள்ளிப் பார்த்தோம். கேட்டிலிருந்து உள்பக்கம் சரிவு, வண்டி அசையவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். பங்க் வரிசை மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்ததாம். அது வந்து சேர்வதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா, பேச்சையாவது காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்தது அவருக்கு நினைவிருக்காது என்று அதே டாக்டர் சொன்னதுதான் எனக்கு ஒரே ஆறுதல். அவர் வீடு திரும்புவதற்குள் பம்பரை மாற்றி, சுவரைப் பூசி வெள்ளையடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் திக்கித் திக்கிக் கேட்டது "ஆம்புலன்ஸ்?" என்றுதான்.

"கூப்பிட்ட உடனே வந்துட்டாங்க."

ம் என்றார். அவ்வளவுதான். கிளட்ச், கியர் என்று நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்த மனிதருக்கு, இப்போது ஒரு சொல்லை வெளியே கொண்டுவர முகமெல்லாம் சிவக்கிறது.

ஸ்கூலை மூடினோம். சில மாதங்களில் அந்த இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் டிவியில் கை குலுக்கினார்கள். சிரிப்பு வேறு! அட பாவிகளா, இந்தக் கையை அப்போதே நீட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? விலை இறங்கத் தொடங்கியது. யார் கேட்டார்கள்?

மருந்துக்கடைப் பெண்தான் எனக்கு மிச்சப் பாடத்தைச் சொல்லித்தந்தாள். "மாஸ்டர் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன் ஆன்ட்டி. இந்த வண்டியில சும்மா தள்ளினா ரிவர்ஸ் விழாது. கியரை நல்லாக் கீழே அமுக்கி, அப்புறம் தள்ளணும்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அமுக்கு, அமுக்கு என்று அந்த மனிதர் பின் சீட்டில் கிடந்து பாடம் நடத்தியிருக்கிறார். நான்தான் படிக்கவில்லை.

லைசென்ஸ் வாங்கியபின் முதல்முறையாக, கை கால் பயிற்சிக்கு நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவருடைய பழைய சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டேன். ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்துவிட்டேன். காலி ரோடு. ரெண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

அவர் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு?" என்றார்.

"அன்னைக்கும் இவ்வளவு நேரந்தாங்க ஆச்சு. ஆம்புலன்ஸ்தான் உடனே வந்துடுச்சே."

அவர் தலையை மெல்ல ஆட்டினார், இல்லை என்று. வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"சுவர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு தடவை" என்றார்.

நான் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பின்னால் வந்த வண்டிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அடித்தால் அடிக்கட்டும் என்று இருந்தேன்.