செருப்பு உரசிய இடம்

பைக் விஷயத்தில் யுகேஷுக்கு எப்போதுமே கொஞ்சம் கிறுக்குதான். வேறு எதற்கும் பெண்டாட்டியைத் திட்டாத மனுஷன், பைக்கில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான். கஜலட்சுமி பின்னால் ஏறக் காலைத் தூக்கிப் போடும்போதெல்லாம் அவள் செருப்பு பின் கவரை உரசும். உடனே ஒரு வசவு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, மறுநாளும் உரசுவாள். கல்யாணமான ஐந்து வருடத்தில் சீட்டுக்குக் கீழே இடதுபக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு போய்க் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது.

அப்புறம் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அம்பிட்டியவில் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றுபோயிருந்தது, வேறு வழி தெரியவில்லை. அவள் அனுப்பிய காசில் கூரை போட்டாயிற்று. மூன்று வருடமாக அந்தக் கூரையின் கீழ் யுகேஷ் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். காலையில் பிலிமத்தலாவைக்கு வேலைக்குப் போகும்போது முதுகில் யாரும் சாயவில்லையே என்று சில நாள் அழுகையே வந்துவிடும். ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி அவள் வருகிறாள். விமான நிலையத்திலிருந்து வரும் வேனில் சாமான்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வழியில் பேராதனையில் அவளை மட்டும் இறக்கி, அங்கிருந்து பைக்கில் கூட்டி வருவது என்று யுகேஷ் முடிவு செய்திருந்தான். அதற்குப் பைக் புதுசு மாதிரி இருக்க வேண்டாமா?

அவன் வேலை செய்யும் ஹார்டுவெயார் கடையிலேயே மூன்று ஸ்ப்ரே டின் சிவப்புப் பெயிண்டும், அதற்கு அடியில் பூச ஒரு டின் பிரைமரும் எடுத்தான். டின்னை நன்றாகக் குலுக்க வேண்டும், மெல்லிசாக அடிக்க வேண்டும், அவசரப்பட்டால் வடிந்துவிடும், மழை இருட்டில் தொடவே கூடாது என்று முதலாளி ஹுதைபா நானா நாலு தரம் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். டயருக்கும் சைலன்சருக்கும் பழைய பேப்பரைச் சுற்றி ஒட்டினான். பெட்ரோல் டாங்கியை உப்புத்தாளால் தேய்க்க அரை மணி நேரம்தான் ஆனது. செருப்பு உரசிய இடம் மட்டும் இரண்டு மணி நேரம் உயிரை வாங்கியது. தண்ணீர் தொட்டுத் தொட்டு, விரலில் விளிம்பு தட்டாமல் போகும் வரைக்கும் தேய்த்தான். பிரைமர் அடித்தான். காயக் காயச் சிவப்பு மூன்று தரம். மத்தியானம் பார்த்தால் அங்கே ஒரு காலத்தில் கீறல் இருந்தது என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். யுகேஷுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு மணிக்கு வழக்கம்போல அவள் வீடியோவில் வந்தாள். முகம் வாடியிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை, போனைத் தூக்கிக்கொண்டு பைக்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். நல்லா இருக்கு என்றாள். பிறகு, தன் செருப்பு பட்ட இடம் எங்கே என்று கேட்டாள். அவன் பெருமையாகப் போனைக் கிட்டக் கொண்டுபோனான்.

அவள் அந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பிறகுதான் விஷயம் வந்தது. அவள் வேலை செய்யும் வீட்டு மெடத்துக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கிறதாம். இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லி டிக்கெட்டை மாற்றிவிட்டார்களாம். இரண்டு நாளாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாளாம்.

"நான் இருந்ததுக்கு அடையாளமா அது ஒண்ணாச்சும் அங்க இருக்கும்னு நெனச்சேங்க," என்றாள்.

யுகேஷ் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. பாவிப்பயல், எவ்வளவு பாடுபட்டுத் தேய்த்திருந்தான்!

"நீ வந்து திரும்ப உரசு, கஜா," என்றான். "நான் ஒரு வார்த்த திட்டமாட்டேன்."

"இல்லைங்க, திட்டுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதக் கேட்டு மூணு வருஷமாச்சு."