டாக்டர் பாலும் எங்கள் டாக்டரம்மாவும்

காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, மருந்துக்கடை இப்ராஹிம் பாய் பட்டப்பகலில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சிஸ்டர், நம்ம டாக்டரம்மா மவுத்தாயிட்டாக" என்றார். ஒரு காலத்தில் அவர் கடையில் டின் பால் வியாபாரம் படுத்துப்போனதே டாக்டர் திலகவதியால்தான். அதே மனிதர் அவர் சாவுக்காகக் கடையடைக்கிறார். அங்கேயே நின்று அழுதேன், வெட்கமாக இல்லை.

இதைப் படிக்கும் பலர் அவர் கையில் பிறந்தவர்கள். அவரிடம் திட்டு வாங்காதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. அவருடைய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நான் வாங்கியதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் எழுபதுகளின் கடைசியில் அவர் தன்னையே திட்டிக்கொண்ட ஒரு காலம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்போதெல்லாம் பிரசவமாகி வீட்டுக்குக் கிளம்பும் பெண்களுக்கு ஆளுக்கொரு பால் பவுடர் டின் கொடுத்தனுப்புவோம். கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாக இலவசமாய்க் கொண்டுவந்து இறக்குவார்கள். டின்மேல் கொழுகொழு குழந்தை ஒன்று சிரிக்கும். நல்லது செய்கிறோம் என்றே நாங்களும் நினைத்தோம், டாக்டரும் நினைத்தார்.

எழுமலைப் பக்கமிருந்து பேச்சியம்மாள் என்ற களையெடுக்கும் பெண், வயிற்றோட்டத்தில் கண் குழிந்துபோன கைக்குழந்தையோடு வந்தாள். எங்களிடம் பிறந்த குழந்தைதான்.

"என்னத்தா குடுத்த பிள்ளைக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"டாக்டர் பால்தாம்மா. நீங்க குடுத்தது தீந்துபோச்சு. கடையில வாங்குனா வெல எம்புட்டு! தண்ணிய நெறைய ஊத்திக் கலக்குனேன்."

"உன் பால் நல்லா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. டாக்டரே குடுக்குறாகன்னா இதுதான ஒசத்தி? அதான் நிப்பாட்டிட்டேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கு என் பேரை வச்சிருக்காக சிஸ்டர்" என்றார் என்னிடம். அந்தப் பெண் தங்கியிருந்த நாளெல்லாம் பக்கத்திலேயே கிடந்து, குழந்தைக்குப் பாலாடையால் ஊட்டியும் மறுபடி மறுபடி மார்பில் போட வைத்தும், வற்றிய பாலைத் திரும்ப வரவழைத்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி எங்களுக்குக் குழந்தைகள் வார்டு ஒன்று கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. குறைமாதக் குழந்தைகளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சிலது போகிற வழியிலேயே போய்விடும். அந்த வார்டுக்காக டாக்டர் ஏறாத படியில்லை. வார்டுக்குப் பதிலாகக் கம்பெனி கேட்டது, ஆரோக்கியக் குழந்தைப் போட்டி நடத்தி டின்களை அவர் கையால் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

போட்டியன்று மேடையேறியவர், பேச்சியம்மாளின் மெலிந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார். "இந்த டின்னை உங்களுக்குக் குடுத்தது நான். அது என் தப்பு. டாக்டர் பால்னு ஒண்ணு கிடையாது. உங்க பால்தான் பிள்ளைக்குப் பால்" என்றார். அந்தக் காலத்தில் எந்த டாக்டர் ஊரறியத் தன் தப்பைச் சொன்னார்?

ஆஸ்பத்திரிச் செயலாளர், "வார்டு போச்சேம்மா" என்று தலையில் கைவைத்தார். "வார்டையும் கட்டிக் குடுத்து, அதுல படுக்கப் பிள்ளைகளையும் அவுகளே அனுப்புவாக. எதுக்கு?" என்றார் டாக்டர். அந்த வார்டு அவர் காலத்தில் வரவே இல்லை. அதற்காக அவர் வருந்தாமலும் இல்லை.

கூட்டமே டின்களை வீசியெறிந்தது என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். சும்மா கிடைப்பதை யார் விடுவார்?

டாக்டர் அதோடு விடவில்லை. "மைக்குல சொன்னது இங்க வந்தவுகளுக்குத்தான கேட்டுச்சு?" என்று ஞாயிறுதோறும் பஸ் ஏறினார். முணுமுணுத்துக்கொண்டே நானும் கூடப் போனேன். எங்களிடம் பிரசவமான வீடுகளைத் தேடிப்பிடித்து, வாசலில் நின்று, "நான் குடுத்ததைத் திருப்பி வாங்க வந்திருக்கேன். அது என் தப்பு" என்பார். சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள்.

வாடிப்பட்டியில் ஒரு வீடு. குழந்தை வயிற்றோட்டத்தில் போய்ச் சேர்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பெண் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள். டாக்டர் அங்கேயும் ஒரு வார்த்தை குறைக்காமல் அதையே சொன்னார். அவள் உள்ளே போய் டின்னை எடுத்து வந்தாள்.

"இன்னும் கால் டின்னு கெடக்கும்மா. வெல கூடுன பாலு, கொட்ட மனசு வரல. அடுத்த பிள்ளைக்கு ஆகும்னு வச்சிருந்தேன்."

டாக்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார். இதோடு சரி, இனி வரமாட்டார் என்று நினைத்தேன். என்னால் அதற்குமேல் ஒரு வாசலில்கூட நின்றிருக்க முடியாது.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. "கிளம்பு சிஸ்டர், வாடிப்பட்டியில இன்னும் ரெண்டு தெரு பாக்கி" என்றார்.

மேடையில் மைக்கைப் பிடித்தவரை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகும் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாரே, அவரை நான் வைத்துக்கொள்கிறேன்.